மணி அடிக்காத தெரு

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை வீடியோவில் வந்தபோது ராக்ஸி நன்றாகத்தான் இருந்தாள். உதட்டில் வெடிப்பு, கன்னத்தில் கிரீஸ், வாயில் வழக்கமான நக்கல். "நாளைக்கு வெளிய போறோம், ஒரு வண்டி மண்ணுல சிக்கி நிக்குது. புதன்கிழமை லைப்ரரில கடைசி அத்தியாயத்தை நான்தான் படிப்பேன். அதுக்கு முன்னாடி எவளாவது பக்கத்தைப் புரட்டினீங்க, தோலை உரிச்சிடுவேன்" என்று மகளை மிரட்டிவிட்டுத்தான் போனாள்.

ஞாயிறு மத்தியானத்திலிருந்து சத்தமே இல்லை. ராக்ஸியிடமிருந்து மட்டுமல்ல. அந்தப் பாலைவனத்தில் அவள் படைப்பிரிவைச் சேர்ந்த ஒருவரிடமிருந்தும் ஒரு 'ம்' கூட வரவில்லை.

அதற்கு என்ன அர்த்தம் என்று இந்த அமெரிக்கப் படை முகாமில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அங்கே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது. மேலிடம் போனையும் இணையத்தையும் துண்டித்துவிட்டது. அந்த வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லி முடிக்கும்வரை வேறு எந்த வீட்டுக்கும் ஒரு வார்த்தை வராது. சொல்வதற்கு இரண்டு பேர் வருவார்கள். விழா உடுப்பில் வருவார்கள். காரை நிறுத்திவிட்டு முன்வாசல் மணியை அடிப்பார்கள்.

அதனால்தான் இந்த நாட்களில் படைக் குடியிருப்பில் யாரும் யார் வீட்டு மணியையும் அடிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரி உப்பு கேட்டு வந்தால்கூடப் பின்பக்கமாக வந்து, தோட்டத்திலிருந்தே தன் பெயரைக் கத்திச் சொல்லிவிட்டுத்தான் வருவாள். யாரும் சமைத்து எடுத்துக்கொண்டு போவதும் இல்லை. மூடிபோட்ட பாத்திரம் ஒன்று தெருவில் நடந்து போனால், சாவு வீட்டுக்குத்தான் போகிறது என்று பத்து வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும்.

புதன்கிழமை விடிந்தது. ஜூனி கூப்பிடாமலே எழுந்து, மஞ்சள் சட்டை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு சமையலறைக்கு வந்து நின்றாள். எட்டு வயது. ராக்ஸியின் ஒரே பெண்.

"சித்தி, இன்னிக்கு அம்மா ஸ்கிரீன்ல வருவாளா?"

"தெரியல" என்றாள் டெலியா.

"தெரியலன்னா வர மாட்டான்னு அர்த்தமா?"

"தெரியலன்னா தெரியலன்னுதான் அர்த்தம். பாலைக் குடி."

வாசல்படியில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த கர்ட்டிஸ் நிமிர்ந்து பார்த்தான். ராக்ஸியின் புருஷன். பள்ளிக்கூட பஸ்களை ரிப்பேர் செய்கிற வேலை. திங்கட்கிழமையிலிருந்து லீவு.

"புள்ளகிட்ட இப்படியா பேசுவ?"

"வேற எப்படி? பொய் சொல்லவா? நீ வேணா சொல்லு. நேத்து ஒரே புல்லை மூணு தடவை வெட்டினவன்தானே நீ. மண்ணுதான் மிச்சம்."

கர்ட்டிஸ் பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டினான். வெளியே போய் மெஷினைக் கிளப்பினான். புல் வெட்டுகிறவனுக்குத் தெரு முழுக்கத் தெரியும். எந்தக் கார் திரும்புகிறது, எந்த வீட்டு முன்னால் வேகம் குறைகிறது என்று வேலை பார்த்தபடியே பார்க்கலாம். எதிர் வீட்டுக்காரி கழுவின காரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜார்ஜியாவின் ஜூலை வெயிலில் இத்தனை பேர் தெருவில் நின்று வேலை செய்தால் அதற்கு ஒரே காரணம்தான்.

டெலியாவுக்கு எல்லோர் மேலும் கோபம். வரும்போது ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வருகிற கோபமல்ல அது. இருபத்து மூன்று வயதில் நிரந்தரமாகக் கூடவே குடியிருக்கிற கோபம். கோழி அறுக்கும் ஆலையில் நின்று நின்று கால் வீங்கிப்போன அப்பன் அம்மாவுக்குப் பிறந்த இரண்டு பெண்களில் இளையவள் அவள். அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படிப்பு முடித்து, சரியான வேலை கிடைக்கும்வரை என்று அக்கா வீட்டுக்கு வந்தவள், இந்தக் கோடைக்கு முகாம் நூலகத்தில் பிள்ளைகளின் வாசிப்புத் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிறாள். பட்டமளிப்பு விழாவுக்கு ராக்ஸி வரவில்லை. விடுப்பு கிடைக்கவில்லை.

---

நூலகத்துக்குள் நுழைந்ததும் டெலியா நேராகத் தலைமை நூலகர் மிஸ் வெர்னாவிடம் போனாள்.

"இன்னிக்கு வாசிப்பை ரத்து பண்ணிடலாம் மேடம். அங்கேருந்து யாரும் வரப்போறதில்ல. வெறும் திரையைப் பார்த்துக்கிட்டு நாப்பது புள்ளைங்க உக்காரணுமா?"

"ரத்து பண்ணா ஒரு நோட்டீஸ் ஒட்டணும்" என்றாள் மிஸ் வெர்னா, தலையைத் தூக்காமலே. "அந்த நோட்டீஸை ஒரு பொம்பள படிப்பா. படிச்சுட்டு, இவங்களுக்கு ஏதோ தெரியும்னு நினைப்பா. நடத்து. கதவு திறந்திருக்கணும், ஏசி ஓடணும், பிஸ்கட் இருக்கணும். அது போதும்."

"நீங்க சொல்றது ரொம்ப நல்லா இருக்கு. முன்னாடி நிக்கப்போறது நான்."

"அதுக்குத்தான் உன்னை வேலைக்கு வெச்சிருக்கேன் செல்லம். வாய் இருக்குன்னு."

சுவர் முழுக்கக் காகிதத்தில் ஒரு பைன் மரம். பிள்ளை ஒரு புத்தகம் முடித்தால் ஒரு பச்சை இலை. கடல் தாண்டி இருக்கிற அப்பாவோ அம்மாவோ ஒரு புத்தகம் முடித்தால் மணல் நிறத்தில் ஒரு இலை. ராக்ஸியின் பெயரில் மணல் இலைகள் கொத்துக் கொத்தாய் இருந்தன. பள்ளியில் படிக்கும்போது புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விடுகிறவள். மகளோடு போட்டி போட்டு இந்தக் கோடையில் அத்தனையும் படித்திருந்தாள்.

புதன்கிழமைகளில் அவள்தான் திரை வழியாக எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிப்பாள். தபால் படகு ஓட்டும் ஒரு நீர்நாயின் கதை. நீர்நாய்க்குத் தன் பழைய பயிற்சி சார்ஜென்ட்டின் குரலைக் கொடுத்திருந்தாள். அது அதட்டும்போதெல்லாம் பிள்ளைகள் பாயில் உருண்டு உருண்டு சிரிப்பார்கள்.

பத்து மணிக்குத் தாய்மார்கள் வந்தார்கள். உள்ளே வந்ததும் ஒவ்வொருத்தியும் ஒரு நாற்காலியை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல், சன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். பிள்ளைகள் திரையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். தாய்கள் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள். இத்தனை முதுகுகளுக்கு நடுவே டெலியா நின்றாள்.

பக்கத்து வீட்டுக் கெண்ட்ரா கடைசியாக வந்தாள். இடுப்பில் ஒன்றரை வயது மகன் ஜோனா. பயம் வந்தால் அவளுக்கு வாய் நிற்காது.

"என்ன டெலியா, துக்க வீடு மாதிரி இருக்கு? பிஸ்கட்டாவது குடு. என் ட்ராவிஸைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல. சாப்பாட்டு நேரத்துல அவன் ஆபத்து பக்கமே போக மாட்டான்."

"உக்காரு கெண்ட்ரா."

"அதுவும் உங்க அக்கா பக்கத்து சீட்டுல. அவ கத்துற கத்தலுக்குக் குண்டே திரும்பி ஓடிடும்." அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஜோனாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பழுதாகி நிற்கும் வண்டிகளைக் கட்டி இழுத்துவருகிற அந்தப் பெரிய வண்டியை ஓட்டுவது கெண்ட்ராவின் புருஷன் ட்ராவிஸ். வண்டிக்குப் பொறுப்பு ராக்ஸி.

திரை நீலமாகவே இருந்தது. டெலியா அழைப்புப் பொத்தானை அழுத்தினாள். இன்னொரு தடவை அழுத்தினாள்.

"சிக்னல் சரியில்ல போல" என்றாள். சொன்ன கணமே தன்மேலேயே வெறுப்பு வந்தது. காலையில் கர்ட்டிஸிடம் பொய்யைப் பற்றிப் பேசின வாய்.

முன்வரிசையில் இருந்த, முன்பல் விழுந்த ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "சிக்னல் இல்ல மிஸ். எங்கம்மா போன்ல பேசினதை நான் கேட்டேன். யாரோ செத்துட்டாங்க. யாருன்னு அவங்களுக்கே அடையாளம் தெரியலையாம். அதான் இவ்வளவு நாளாகுதாம்."

பின்னால் ஒரு தாய், "மாகி, வாயை மூடு" என்றாள். திரும்பாமலே சொன்னாள். கண்ணைச் சன்னலை விட்டு எடுக்கவில்லை.

"யாரா இருந்தாலும் எங்கம்மா இல்ல" என்றாள் ஜூனி. மிக நிதானமாக. "எங்கம்மாவுக்கு இன்னும் ஒரு அத்தியாயம் இருக்கு."

மிஸ் வெர்னா பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது.

அரசாங்க வெள்ளைக் கார். நிழலில் நிறுத்தாமல் நேராக வாசலுக்கு எதிரே வந்து நின்றது. இரண்டு கதவுகள் திறந்தன. ஒரு ஆண், ஒரு பெண். கருநீல விழா உடுப்பு, மார்பு நிறையப் பதக்கம். ஆண் தொப்பியைத் தலையில் வைத்து, கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டான்.

நூலகத்தில் ஒரு நாற்காலிகூட அசையவில்லை. ஒருத்தி மட்டும் "ஐயோ வேண்டாம், ஐயோ வேண்டாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

டெலியா நடந்தாள். தான் எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வாசலுக்குப் போய், கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியை எடுத்து, கண்ணாடிக் கதவைப் பூட்டினாள்.

படித்தவள். பட்டம் வாங்கினவள். கதவைப் பூட்டினால் நடந்தது நடக்காமல் போய்விடாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பூட்டினாள். வார்த்தை உள்ளே வராதவரைக்கும் ராக்ஸிக்கு இன்னும் ஒரு அத்தியாயம் இருக்கிறது.

அந்த அதிகாரி கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். கண்ணாடி வழியாகப் புன்னகைத்தார். "மேடம், பூட்டியிருக்கு."

"தெரியும்."

"நாங்க உள்ள வரணும்."

"எதுக்கு?"

"புள்ளைங்களைப் பார்க்கத்தான்."

பின்னால் யாரோ வீறிட்டார்கள். அதிகாரியின் புன்னகை கலைந்தது. ஒன்றும் புரியாமல், பக்கத்தில் நின்ற பெண்ணின் கையிலிருந்த அட்டைப்பெட்டியை வாங்கி, மூடியைத் திறந்து, கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக் காட்டினார்.

உள்ளே, சிவப்பு நாடாவில் கோத்த சின்னச் சின்னப் பதக்கங்கள். கோடை வாசிப்பு முடித்த பிள்ளைகளுக்கான பரிசு. அந்தப் பெண்ணின் தோளில் கேமரா தொங்கியது.

டெலியா கதவைத் திறந்தாள். சாவி இரண்டு தடவை வழுக்கியது.

"உங்களுக்கு வேற உடுப்பே கிடையாதா?" என்றாள்.

"மேடம்?"

"கேக்கறேன். சாதாரணமா ஒரு சட்டை, பேன்ட்? இன்னிக்குன்னு இதைத்தான் போட்டுக்கிட்டு வரணுமா?"

அவர் சட்டையில் ஸ்ட்ரிக்லண்ட் என்று எழுதியிருந்தது. லெப்டினன்ட் கர்னல். "காலைல அணிவகுப்பு இருந்தது மேடம். அப்படியே வந்துட்டோம். ஃபோட்டோவுக்கும் நல்லா இருக்குமேன்னு…"

"ஃபோட்டோவுக்கு! உள்ள பாருங்க. இந்தப் பொம்பளைங்க ஞாயித்துக்கிழமையிலேர்ந்து தூங்கல. எல்லாரும் எந்தப் பக்கம் பார்த்து உக்காந்திருக்காங்க பாருங்க. நீங்க நேரா வாசல்ல காரை நிறுத்தி, தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு நடந்து வரீங்க. ஃபோட்டோவுக்கு!"

அவர் உள்ளே பார்த்தார். திருப்பிப் போட்ட நாற்காலிகளைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து தலையை முழங்காலில் புதைத்திருந்த ஒருத்தியைப் பார்த்தார். கழுத்து வரை சிவந்தது.

"நான் யோசிக்கல" என்றார்.

"யோசிக்கறதுக்குத்தானே தோள்ல இவ்வளவு வெள்ளி வெச்சுக் குடுத்திருக்காங்க?"

"டெலியா" என்றாள் மிஸ் வெர்னா, பின்னாலிருந்து. அதட்டல் இல்லை. போதும் என்கிற குரல்.

கர்னல் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். கூட வந்த பெண் கேமராவைக் காரிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். பிறகு பதக்கம் போட்டார்கள். வேறு என்ன செய்வது? பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டார்கள். அவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் முன்னால் குனிந்து, பெயர் கேட்டு, நாடாவைக் கழுத்தில் போட்டார்.

"உன் பேரு என்னம்மா?"

"ஜூனி மேப்ரி."

நாடா பாதியில் நின்றது. ஒரு நொடிதான். பிறகு போட்டார். "நிறையப் படிச்சிருக்கே போல" என்றார். மற்றப் பிள்ளைகளிடமும் அதையேதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு நொடியை டெலியா பார்த்துவிட்டாள்.

கார் வரைக்கும் பின்னாலேயே போனாள்.

"சார், ஒண்ணு கேக்கணும். அவ பேரைச் சொன்னதும் ஏன் நிறுத்தினீங்க?"

"நிறுத்தலையே மேடம்."

"நிறுத்தினீங்க. அவ அம்மா ஸ்டாஃப் சார்ஜென்ட் மேப்ரி. என் அக்கா. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா சொல்ல முடியாது" என்றார் அவர். "தெரியாதுன்னும் சொல்ல முடியாது. ஒருத்தர்கிட்ட தெரியாதுன்னு சொல்லிட்டு இன்னொருத்தர்கிட்ட சொல்லாம விட்டா, அதுவே சேதி ஆயிடும். உங்களுக்கு அது புரியும்."

"புரியுது. புரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

அவர் கார்க் கதவைத் திறந்தார். "குழந்தையை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. சாயங்காலம் வீட்டுலயே இருங்க. இதை நான் எல்லார்கிட்டயும் சொல்வேன்."

ஆனால் அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. டெலியா கார் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

---

அவள் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

"கர்னலைப் பிடிச்சுக் கத்தினியாமே?" கர்ட்டிஸ் மெஷினை அணைக்காமலே கேட்டான். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"கத்தல. கேட்டேன்."

"கேட்டாளாம்! நாளைக்கு ராக்ஸி திரும்பி வந்து இந்த முகாம்லதான் வேலை பார்க்கணும். உனக்கென்ன? வாய் இருக்கு, பட்டம் இருக்கு, பெட்டியைக் கட்டினா ஊருக்குப் போயிடுவ."

"அந்த ஆள் இந்த உடுப்புல வந்து நின்னப்போ நீ அங்க இருந்திருந்தா தெரியும். ஒருத்தி தரையில சரிஞ்சுட்டா கர்ட்டிஸ்."

"அதுக்கு? அவரை வெயில்ல நிக்க வெச்சுக் கதவைப் பூட்டுவியா? யாரு நீ? அந்தப் பட்டம் யார் முதுகுல ஏறி வாங்கினதுன்னு ஞாபகம் இருக்கா? பத்தொம்போது வயசுல, கைப்புள்ளையை என்கிட்ட விட்டுட்டு, அவ பட்டாளத்து பூட்ஸை மாட்டினது யாருக்காக?"

"நான் மாட்டச் சொன்னேனா?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமான வார்த்தை என்று காதில் விழுந்தது. அவள் சொல்லவில்லைதான். அவள் பதினோராவது படிக்கும்போது ஒரு ராத்திரி ராக்ஸி வந்து, படையில் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், நீ காலேஜ் பாரம் வாங்கு என்றாள். டெலியா வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுநாளே போய் பாரம் வாங்கினாள்.

கர்ட்டிஸ் பனியனால் முகத்தைத் துடைத்தான். கோபம் வடிந்து முகம் வெறுமையாகிவிட்டது. "இல்ல டெலியா, எனக்கு… காலைலேர்ந்து ஒரு வாய் தண்ணிகூட இறங்கல. அதான்."

"எனக்கும்தான்."

"அந்தக் கர்னல் வேற ஏதாவது சொன்னாரா?"

சாயங்காலம் வீட்டிலேயே இருங்கள் என்று சொன்னதை அவனிடம் சொல்வதா? அவள் தலையை ஆட்டினாள். இல்லை. இன்றைக்கு இரண்டாவது பொய்.

ஜூனி முன்வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் பதக்கம். புத்தகத்தைத் தொடைக்குக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன செய்யற?"

"படிக்காம இருக்கேன்" என்றாள் ஜூனி. "கைல வெச்சா திறந்துடுவேன். அதான்."

நாலு மணிக்குப் பின்கதவுப் பக்கமிருந்து, "கெண்ட்ரா! கெண்ட்ரா வரேன்! வெறுங்கையோட வரேன்!" என்று சத்தம் வந்தது. தனியாக இருக்க முடியவில்லை என்று ஜோனாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவள் சும்மாவும் இருக்கவில்லை. அலமாரியைக் குடைந்து மக்ரோனி எடுத்து, சீஸ் துருவி, அடுப்பைப் பற்றவைத்தாள். ஜூனியையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"உங்க சித்தி படிச்ச பொண்ணு. ஆனா இவ வீட்டுல உப்பு எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியுது. ஜூனி, அந்தக் கரண்டியை எடு. உங்கம்மா வந்ததும் சொல்றேன், பட்டினி போட்டே கொன்னாங்கன்னு."

சமையலறையில் ஜூனி சிரிக்கிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் முதல் தடவை. டெலியாவுக்குக் கெண்ட்ராவின் காலில் விழலாம் போல இருந்தது. முன்வாசலுக்கு வந்து, ஜூனி விட்டுப்போன படியில் உட்கார்ந்தாள்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பைன் மரங்களில் சில்வண்டுகள் அறுத்துக்கொண்டிருந்தன. கர்ட்டிஸ் வேலி ஓரமாக, வெட்டுவதற்கு எதுவுமே இல்லாத இடத்தில் மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

தெருமுனையில் கருப்புக் கார் ஒன்று திரும்பியது.

முதலில் நின்றது எதிர் வீட்டுக்காரியின் குழாய். பிறகு யாரோ அடித்துக்கொண்டிருந்த சுத்தியல். பிறகு கர்ட்டிஸ் மெஷினை அணைத்தான். சில்வண்டுகள் மட்டும் விடாமல் கத்தின.

கார் நடக்கிற வேகத்தில் வந்தது. கதவு எண்களைப் பார்த்துக்கொண்டே வருகிறது. முன்சீட்டில் இரண்டு பேர். விழா உடுப்பு. ஒருவர் காலரில் சிலுவை வைத்த படைப் பாதிரியார். இந்தத் தடவை பதக்கப் பெட்டி இல்லை.

"வேண்டாம்" என்றான் கர்ட்டிஸ். காரைப் பார்த்துச் சொன்னான். "இங்க வேண்டாம். போ. போயிடு."

கார் அவர்கள் வீட்டு முன்னால் இன்னும் வேகம் குறைந்தது. டெலியா எழுந்து நின்றாள். ராக்ஸி, ராக்ஸி, ராக்ஸி. வேறு நினைப்பே இல்லை.

கார் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டு முன்னால் போய் நின்றது.

நம் வீடு இல்லை. டெலியாவின் உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் பாய்ந்தது. வெட்கம் கெட்ட சந்தோஷம். வாயைப் பொத்திக்கொள்ளாவிட்டால் சிரித்திருப்பாள். கர்ட்டிஸ் புல்லில் மண்டியிட்டு, முகத்தைக் கையில் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். "நம்ம வீடு இல்ல. டெலியா, நம்ம வீடு இல்ல."

அந்த இரண்டு பேர் கெண்ட்ராவின் வாசலுக்கு நடந்து போய் மணியை அடித்தார்கள். காலி வீட்டுக்குள் மணி அடிப்பது தெளிவாகக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்தத் தெருவில் யாரும் கேட்காத சத்தம்.

டெலியாவின் பின்னால், சமையலறையில், கெண்ட்ரா ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "கர்ட்டிஸ்" என்றாள். குரல் எழும்பவில்லை. "கர்ட்டிஸ், ட்ராவிஸ் யார் வண்டியை ஓட்டறான்?"

கர்ட்டிஸ் அழுகையை நிறுத்தினான். முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

மூன்றாவது தடவை மணி அடித்துப் பார்த்துவிட்டு, சிலுவை வைத்தவர் வேலி ஓரமாக வந்தார். நரைத்த தலை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். பக்கத்து வீட்டு அம்மா எப்ப வருவாங்கன்னு தெரியுமா?"

"எங்க அக்கா ராக்ஸான் மேப்ரி" என்றாள் டெலியா. "எங்க வீட்டுக்கும் வர வேண்டியிருக்கா?"

"நான் அந்த ஒரு வீட்டுக்குத்தான் வந்திருக்கேன் மேடம்."

"அது நல்ல சேதியா?"

பதில் தெரியாமல் நிற்கிறாரா, தெரிந்து நிற்கிறாரா என்று அவர் முகத்தில் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த முகத்தை அப்படிப் பழக்கியிருந்தார்.

"உள்ளதான் இருக்கா" என்றாள் டெலியா. "எங்க சமையலறையில. நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது மேடம். நாங்கதான் சொல்லணும்."

"சொல்ல மாட்டேன். கைல சின்னப் புள்ள இருக்கு. அதை மட்டும் முதல்ல வாங்கிக்கறேன்."

அவர் தலையசைத்தார். அவள் உள்ளே நடந்தாள். கூடத்தைத் தாண்டுவதற்குள் முகத்தைச் சரிசெய்துகொள்ளப் பார்த்தாள். இத்தனை வருஷம் யாரிடமும் எதையும் மறைக்கத் தெரியாத முகம், இப்போது மட்டும் எப்படிச் சரியாகும்?

அடுப்பில் மக்ரோனி கொதித்துக்கொண்டிருந்தது. ஜூனி ஸ்டூலில் நின்று கிளறிக்கொண்டிருந்தாள். கெண்ட்ரா ஜோனாவை இடுப்பில் வைத்தபடி, கரண்டியை நாக்கில் வைத்து உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா வா, சரியா சாப்பாட்டு நேரத்துக்கு வந்துட்டா. வெளிய என்ன ஒரே அமைதி? உங்க கர்ட்டிஸ் ஒருவழியா புல்லை விட்டுட்டானா?"

டெலியா அடுப்பருகே போனாள். அடுப்பை அணைத்தாள். பிறகு கெண்ட்ராவின் முன்னால் போய், குழந்தைக்காக இரண்டு கைகளையும் நீட்டினாள்.

கெண்ட்ரா அந்தக் கைகளைப் பார்த்தாள். கரண்டியை மெதுவாக மேடையில் வைத்தாள். ஜோனாவின் தலையைத் தன் கழுத்தோடு அழுத்திக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"எதுக்கு இவனைக் கேக்கற?" என்றாள். "எனக்கு ஒண்ணும் கை வலிக்கலையே டெலியா. எனக்குக் கையே வலிக்கல."